நாற்பது சுற்று

நூறு சொற்கள் கொடுத்துப் பார்த்தேன். நூறும் சரியாக வந்தன. என்னைக் குழப்பியது அதுதான். ஒன்றிரண்டு தப்பியிருந்தால், எங்கே தப்புகிறது என்று பிடித்துக்கொண்டு போய்விடலாம். எல்லாம் சரியாக வேலை செய்யும் இயந்திரத்தில் பழுதை எங்கே தேடுவது?

கிராப்பட்டியில் மரகதவல்லி அம்மாவின் வீடு. ஞாயிறு காலை பத்து மணி. அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். நெற்றியைச் சுற்றி ஒரு துணிப்பட்டை. அதிலிருந்து ஒரு வயர் எதிரே மேசைமேல் இருந்த லேப்டாப்புக்குப் போயிற்று. திரையில் நான் 'எலுமிச்சை' என்று காட்டுவேன். அவர் மனதுக்குள் அதைச் சொல்வார். உதடு அசையாது, பக்கவாதம் வந்த ஆறு வருடமாக அசைவதில்லை. லேப்டாப் "எலுமிச்சை" என்று உரக்கச் சொல்லும். நூறாவது சொல் 'தாழ்ப்பாள்'. அதுவும் சரி.

"இதுல ஒரு குறையும் இல்லையேம்மா," என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றது லேப்டாப்.

குரல் அவருடையதேதான். திருச்சி ஜங்ஷனில் இருபத்தெட்டு வருடம் ரயில் வருகையை அறிவித்தவர். அந்தப் பழைய பதிவுகளிலிருந்து செய்த குரல் என்பதால், கோபத்தில் பேசினாலும் வண்டி நான்காவது நடைமேடைக்கு வருகிறது என்பது போல நிதானமாகத்தான் கேட்கும்.

பதினாறு நாட்களுக்கு முன் இதே லேப்டாப் இதே நிதானத்தோடு ஒன்று சொல்லியிருந்தது. அவருடைய தங்கை வத்சலா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நேரம். "வீட்டுக்காகத்தானே வர்ற?"

வத்சலா கிண்ணத்தைக் கீழே வைத்தார். அக்காவின் வாயைத் துடைத்துவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து சாப்பாடு மட்டும் ஒரு கூலிப் பெண் கையில் மூன்று வேளையும் வருகிறது. வத்சலா வரவில்லை. அவர் இருப்பது இரண்டு தெரு தள்ளி.

"அதை நான் சொல்லல, இஞ்ஞாசி. சத்தியமா சொல்லல. மெஷின் தானா சொல்லுச்சு."

"தானாப் பேசுற அளவுக்கு இதுக்கு அறிவு கிடையாதும்மா."

"அப்ப என் தங்கச்சி ஏன் வரல?"

அந்த வீட்டுக்கு வத்சலாவைத் தவிர உறவென்று வந்து போகிறவர்கள் யாரும் கிடையாது. கூலிப் பெண் நல்லவள்தான். ஆனால் ஊட்டும்போது காதில் பாட்டு மாட்டிக்கொள்வாள். இந்தப் பதினாறு நாளில் பல நாள் பட்டையை மாட்டிவிடச் சொல்லி அம்மா கண்ணால்கூடக் கேட்கவில்லையாம். பேச ஆள் இல்லாத இடத்தில் குரல் எதற்கு?

இயந்திரத்தை நான் செய்யவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ப்ராசஸரை மாட்டியவன் நான். அதனால் எழுந்து போக மனம் வரவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மண்டை ஓட்டுக்கு அடியில் தபால் தலை அளவுக்கு மெல்லிய வலை ஒன்று வைத்திருக்கிறார்கள். பேச நினைக்கும்போது மூளையில் எழும் சின்னச் சின்ன மின்னலைகளை அது பிடிக்கும். பட்டை அதை லேப்டாப்புக்கு அனுப்பும். இந்த அலை எந்தச் சொல்லுடையது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது லேப்டாப்பின் வேலை. மென்பொருளை எழுதிய கம்பெனி நாலு வருடத்துக்கு முன் இழுத்து மூடிவிட்டது. மூடுவதற்கு முன் அவர்கள் போட்ட பூட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. இந்த லேப்டாப்பின் மதர்போர்டை, அதாவது தாய்ப்பலகையைத் தவிர வேறு எதிலும் அந்த மென்பொருள் ஓடாது. புது லேப்டாப் வாங்கிப் பயனில்லை. இதையே வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பழைய ப்ராசஸர் பாவம், திணறியது. ஒரு சொல்லுக்கு ஒன்றரை வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சூடேறினால் பாதி வாக்கியத்தில் அணைந்துபோகும். சென்ற மாதம் மேலப்புதூரில் என் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தது வத்சலாதான்.

"தம்பி, இதை எப்படியாவது வேகமாக்கிக் குடுங்க. அக்கா ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிருது. 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா, தண்ணியா, தலகாணியா, பேன் போடணுமான்னு நானே கேட்டுருவேன். கடைசில அது என்ன சொல்ல வந்துச்சுன்னு அதுக்கே மறந்துரும்."

ப்ராசஸரைக் கழற்றி மாட்டும்படி வந்த கடைசி மாடல்களில் அது ஒன்று. எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு திருகை அரைச்சுற்றுத் திருப்பினால் நூற்றுக்கணக்கான ஊசிக்கால்களும் ஒரே நேரத்தில் பிடியை விடும். செத்துப்போன வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த, அதே தாய்ப்பலகை ஏற்றுக்கொள்ளும் பெரிய ப்ராசஸரை, மூலையில் இருக்கும் அம்புக்குறி பார்த்து வைத்தேன். சூட்டை இழுக்கும் பழைய பேஸ்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பச்சரிசி அளவுக்குப் புதிது வைத்தேன். ஆன் செய்ததும் எடுத்துக்கொண்டது. மூன்று மடங்குக்கு மேல் வேகம். எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு: வேகமாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

முதல் சில நாட்கள் திருவிழாதான். அம்மா தங்கையோடு சண்டை போட்டார், ரசத்தில் பெருங்காயம் போதவில்லை என்றார், இஸ்திரிக்காரரை வாசலோடு நிறுத்தி ஜோக் சொன்னார். வத்சலா எனக்கு போன் செய்து, "தம்பி, அக்கா என் பேச்சுல குறுக்க பேசுது! ஆறு வருஷம் கழிச்சுக் குறுக்க பேசுது!" என்று அழுதார். பிறகுதான் அந்தக் கஞ்சி வேளை.

நூறு சொல் சோதனை முடிந்து, இனி என்ன செய்வது என்று தெரியாமல் திருப்புளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மா சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலர் அழுக்கு," என்றது லேப்டாப்.

திரும்பினேன். அம்மாவின் கண்கள் விரிந்திருந்தன. புருவமும் கண்ணும் தவிர முகம் அசையாதவர்களின் வெட்கம் முழுவதும் கண்ணுக்கு வந்துவிடும்.

"நான் சொல்லல," என்றது லேப்டாப் உடனே.

காலரைத் தொட்டுப் பார்த்தேன். அழுக்குதான். தனி ஆள், துவைப்பது வாரத்துக்கு ஒரு முறை.

"சொல்லலைம்மா, சரி. ஆனா நினைச்சீங்களா?"

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குள் ஏதோ பொறி தட்டியது: அவர் நினைத்தது மட்டும்தான், சொல்லவில்லை. பையிலிருந்து பழைய ப்ராசஸரை எடுத்தேன். நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து அதை மாட்டினேன். மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அதுவரை நான் அதைப் படித்ததில்லை. அம்மாவை மறுபடி 'எலுமிச்சை' சொல்ல வைத்துப் படித்தேன். 'எலுமிச்சை – 40 சுற்று – 1.6 வினாடி.' மறுபடி புது ப்ராசஸர். 'எலுமிச்சை – 40 சுற்று – 0.4 வினாடி.'

திரையில் அந்த நாற்பதின் மேல் விரலை வைத்தேன்.

"என்ன?" என்றார் அம்மா.

"கண்ணாமூச்சி விளையாடியிருக்கீங்கள்லம்மா. ஒரு பிள்ளை கண்ணை மூடி நாப்பது எண்ணும். எண்ணி முடிச்சுக் கண்ணைத் தொறக்கும்போது வெளிய நிக்கிறவன் மாட்டிக்குவான். சரியா?"

"சரி."

"இந்த மென்பொருளும் நாப்பது எண்ணுது. உங்க மனசுல ஒரு சொல்லைப் பாக்குது. மறுபடி பாக்குது. நாப்பது தடவை பாத்தும் அதே சொல் அங்கேயே நின்னா, 'ஓ, இவங்க இதைச் சொல்ல விரும்புறாங்க'ன்னு முடிவு பண்ணி உரக்கச் சொல்லிருது. பழைய ப்ராசஸர் மெதுவா எண்ணுற பிள்ளை. ஒன்றரை வினாடிக்கு மேல ஆகும். சும்மா வந்துட்டுப் போற நினைப்பெல்லாம் அதுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கும். வேணும்னு புடிச்சு வச்ச சொல் மட்டும் நிக்கும். நான் மாட்டினது வேகமா எண்ணுற பிள்ளை. அரை வினாடிகூட இல்ல. யாருக்கும் ஒளிய நேரமில்ல."

"எழுதினவன் முட்டாளா?"

"கெட்டிக்காரர்தான். ஆனா கடிகாரத்தைப் பாத்து எழுதாம சுத்தை எண்ணி எழுதிட்டாரு. அன்னைக்கு அவர் மேசைல இருந்த ப்ராசஸருக்கு நாப்பது சரியா இருந்திருக்கும். என்னைக்காவது ஒருத்தன் வேறதை மாட்டுவான்னு அவர் நினைக்கல. மாட்டினவன் நான். கடைசிவரை போய்ப் பாக்காம குடுத்ததும் நான்தான்."

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போகும் சத்தம் வந்து ஓய்ந்தது.

"அந்த நினைப்பு வந்தது," என்றார் கடைசியில். "ஒரு நொடி. கஞ்சி சூடா இருந்தது. அவ ஊதி ஊதி ஊட்டினா. இவ்வளவு நல்லா ஏன் பாத்துக்கிறான்னு தோணுச்சு. உடனே அது வந்தது. உடனே போயிருச்சு. அதுக்குள்ள சத்தமா கேட்டுச்சு."

பிறகு, "பட்டையைக் கழட்டு இஞ்ஞாசி. இன்னும் என்னென்ன வருமோ," என்றார்.

கழற்றினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பட்டை இல்லாதபோது அந்த அறையில் எத்தனை பேர் இருந்தாலும் அவர் தனி.

நேராக வத்சலா வீட்டுக்கு நடந்தேன். அவர் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கண்ணாமூச்சிக் கதையை முழுக்க மறுபடி சொன்னேன். ஒரு புடவையை உதறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது அக்கா மனசுல இருந்தது நெசம்தானே?"

"இருந்துச்சுக்கா. முக்கால் வினாடி."

"முக்கால் வினாடியோ, முக்கா மணி நேரமோ, இருந்துச்சுல்ல."

"நான் இங்க வந்து பத்து நிமிஷம் ஆகுது. இந்தப் பத்து நிமிஷத்துல என்னைப் பத்தி உங்களுக்கு என்னென்ன தோணிச்சுன்னு ஒரு ஸ்பீக்கர் வச்சுப் போட்டா நான் தாங்குவேனா?"

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புடவையைக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி, அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது பொய்யா இருந்திருந்தா நான் அங்கேயே சண்டை போட்டிருப்பேன், தம்பி. பாவி, இப்படியா நினைக்கிறன்னு கத்திட்டு, சாயங்காலம் இட்லி எடுத்துட்டுப் போயிருப்பேன். சித்திரைல ஒரு நாள் அக்கா ரூம்ல நின்னுக்கிட்டிருந்தேன். இந்த ஜன்னலுக்கு ஒரு கொசுவலை அடிச்சா, என் பையன் லீவுக்கு வந்தா தங்கலாமேன்னு தோணுச்சு. அக்கா அங்கேயே உக்காந்திருக்கு. என்னையே பாத்துட்டிருக்கு. அது இருக்கும்போதே எனக்கு அந்த ரூம் காலியாத் தெரிஞ்சுது."

"எவ்வளவு நேரம்?"

"என்ன எவ்வளவு நேரம்?"

"அப்படித் தெரிஞ்சது."

யோசித்தார். "அடுத்து அக்கா தண்ணி கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"உங்களுக்கு வாய் இருக்கு. அதை மூடி வச்சுக்க முடிஞ்சுது. அவங்க வாயை அவங்களால மூட முடியாதபடி நான் பண்ணிட்டேன். வித்தியாசம் அது ஒண்ணுதான்."

"பழையதையே மாட்டிருங்களேன்."

"அது சூடேறிச் செத்துட்டிருக்கு. இன்னும் ஆறு மாசம் தாங்கினா அதிகம். அதுக்கப்புறம் அவங்க ஒரேயடியா ஊமைதான். புதுசையே வச்சு அதன் வேகத்தைக் கட்டிப் போடலாம். ஆனா எவ்வளவு கட்டணும்னு தெரியணும். ரொம்பக் கட்டினா பழைய கதை, பால் பொங்கிரும். கொஞ்சமாக் கட்டினா கசியும். சரியான அளவை உக்காந்து தேடணும். நாலஞ்சு தடவையாவது வேண்டாதது ஏதாவது வெளிய வந்துதான் ஆகணும். அதைக் கேட்க ஒரு ஆள் எதிர்ல இருக்கணும். நான் இருந்தா போதாது. என்னைப் பத்தி அவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு? காலரைத் தவிர."

வத்சலா கிளிப்பை விட்டார். "சாதம் வடிச்சிட்டு வர்றேன். நீங்க போங்க." படியில் இறங்கும்போது பின்னாலிருந்து, "அந்தச் சட்டையைக் குடுத்துட்டுப் போங்க, ஊற வைக்கிறேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. மூடிக்கிட்டேன்," என்றார்.

மதியம் ஒரு மணிக்கு வந்தார். அக்காவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் பதினாறு நாளைப் பார்வையிலேயே கணக்குத் தீர்ப்பது போல் பார்த்துக்கொண்டார்கள். நான் பட்டையை எடுத்தேன். அம்மா புருவத்தைத் தாழ்த்தினார். வேண்டாம் என்று அர்த்தம்.

"மாட்டுங்க தம்பி," என்றார் வத்சலா. "அக்கா, என்னைப் பத்தி என்ன கெட்டது தோணுதோ நினை. நினைச்ச உடனே விட்டுரு. நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்."

புருவம் மெல்ல மேலேறியது. மாட்டினேன்.

லேப்டாப்பின் செட்டிங்ஸில் ப்ராசஸரின் உச்ச வேகத்தைக் குறைக்கும் இடம் இருக்கிறது. முதலில் குறைக்காமலே ஓட்டினேன். 0.4 வினாடி.

"நரைச்சுட்ட. சீக்கு மாதிரி இருக்க. வரலன்னா என்ன கொழுப்பு," என்று அடுக்கியது லேப்டாப், ரயில்நிலைய நிதானத்தில்.

"ஆமா, நீ மட்டும் இருபது வயசு," என்றார் வத்சலா.

0.8 வினாடிக்கு வரும்வரை குறைத்தேன். சற்று நேரம் அமைதி. பிறகு, "உன் பையன் போன் பண்ணானா அவனுக்கு," என்று வந்து பாதியில் நின்றது.

"கசியுது," என்றேன்.

1.0 வினாடி. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடம் "மூக்கு" என்றது. என்ன மூக்கு, யார் மூக்கு என்று தெரியவில்லை. வத்சலா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

1.2 வினாடி. அம்மா தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் ஏதேதோ வந்து போயிற்று. சிரிப்பு, கோபம், கோபத்துக்குப் பின் வேறொன்று. லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மின்விசிறிச் சத்தம் மட்டும். புது ப்ராசஸர் வந்த பிறகு முதல் முறையாக, நினைப்பதெல்லாம் வெளியே கேட்காமல் அந்தப் பெண்மணி நினைத்துக்கொண்டிருந்ததை நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பேசுங்கம்மா. நிஜமா சொல்ல நினைக்கிறதை."

"வீட்டுக்காக," என்றது லேப்டாப்.

வத்சலாவின் தோள் இறுகியது. அவருக்கு வாக்கியத்தை முடித்து வைத்துப் பழக்கம். உதடு திறந்ததைப் பார்த்தேன். திறந்தபடியே நின்றது. ஒரு வினாடிக்குச் சற்று அதிகம். அந்த ஸ்டூலில் அது மிக நீளம்.

"வந்தாலும்."

மறுபடி அந்த இடைவெளி. வத்சலா இரண்டு கைகளையும் முழங்காலுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பரவாயில்ல."

வத்சலா காத்திருந்தார்.

"வா."

வத்சலா மூக்கை உறிஞ்சினார். "அப்ப இந்த ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கவா?"

"எதுக்கு?"

"என் பையன் வந்தா தங்கறதுக்கு."

இடைவெளி.

"கட்டில்... பத்தாது. இன்னொண்ணு... போடு."

நான் திருப்புளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வேகமாகப் பேச வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் மாற்றித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். யோசித்துப் பேசும் வசதி ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது, தனக்கும் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆயிற்று. வத்சலா ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இதே மென்பொருளை வைத்திருப்பவர்கள் இன்னும் எங்கேயாவது இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். புது ப்ராசஸரை மாட்டுங்கள். அது சூடாகாது, பாதியில் அணையாது. அதன் உச்ச வேகத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். குறிப்பில் நாற்பது சுற்றுக்கு 1.2 வினாடி என்று வர வேண்டும். எதிரில் இருப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும்.